முகம் திறந்திருக்கிறதா? பழவேற்காட்டில் ஏழு ஆண்டுகள்

பழவேற்காட்டில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் முதலில் கேட்பது உடல்நலம் இல்லை. "முகம் திறந்திருக்கிறதா?" என்றுதான் கேட்பார்கள். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைத்தான் ஊரில் முகம் என்கிறார்கள். 1997இல் வங்கிக் கிளையில் கடன் பிரிவு அலுவலராக அங்கே போய்ச் சேர்ந்தபோது இந்தக் கேள்வி நூறு முறையாவது என் காதில் விழுந்திருக்கும். அது என் வேலையோடு தொடர்புடைய கேள்வி என்று புரிந்துகொள்ள எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு என்னால் மனவருத்தம் நேர்ந்துவிட்டது.

நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். கிணற்றுப் பாசனமும் வெங்காயமும் பார்த்து வளர்ந்தவன். எனக்குக் கடல் என்றால் மெரினா. பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து, உப்பங்காற்று முகத்தில் அடிக்க ஊர் எல்லைக்கு வந்தபோது, சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இப்படியோர் இடம் இருக்கிறது என்பதையே நம்ப முடியவில்லை. ஒரு பக்கம் கடைத்தெரு, மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை தண்ணீர். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மணல்திட்டின் வடபகுதிதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

வந்த சில மாதங்களில் வலை வாங்கக் கடன் கேட்டு ஒரு குழுவாகப் பத்துப் பேர் வந்தார்கள். விண்ணப்பம், ஜாமீன், குடும்ப அட்டை எல்லாம் சரியாக இருந்தன. வழக்கமான படிவத்தில் மாதத் தவணை எழுதி, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி என்று குறித்துக் கொடுத்தேன். நான்கு மாதம் ஒழுங்காகக் கட்டினார்கள். பிறகு ஒருவர் நின்றார், அடுத்து மூவர், கோடை முற்றியதும் பத்துப் பேரும் நின்றுவிட்டார்கள். நான் நோட்டீஸ் அனுப்பினேன். அதை வாங்கிக்கொண்ட பெரியவர் ஒருவர் மறுநாள் வங்கிக்கு வந்து, கோபமே இல்லாமல், "சார், நாளைக்குக் காலையில் என்னோடு படகில் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினார். பல இடங்களில் படகின் அடி சேற்றில் உரசியது. முகத்துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் இறங்கினால் முழுக்க மணல். இந்தப் பக்கம் அசையாமல் கிடக்கும் ஏரி, அந்தப் பக்கம் அலையடிக்கும் கடல், நடுவில் நான் செருப்போடு நிற்கிறேன். அவர் குனிந்து ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி என் முன் நீட்டினார். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல் நீரைவிடக் கரித்தது. "கடல் கதவைச் சாத்திவிட்டது. இறால் எப்படி உள்ளே வரும், எப்படி வெளியே போகும்? நான் எதை வைத்துத் தவணை கட்டுவது?" என்றார்.

அந்த மணலில் நின்றுகொண்டு அவர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள், கடல் நீர் உள்ளே ஏறிவரும் ஏற்றத்தோடு முகம் வழியாக ஏரிக்குள் வந்து, சேற்றிலும் பாசியிலும் தின்று வளரும். வளர்ந்ததும் கடலுக்குத் திரும்பப் பார்க்கும். வற்றத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும்போது அதோடு சேர்ந்து போகும். அந்த நேரத்தில் நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி நட்டு வலை கட்டினால் இறால் தானாக வந்து விழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இழுப்பு வலுவாக இருக்கும், பாடும் நன்றாக இருக்கும். இடைப்பட்ட நாட்களில் மந்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறு பெருகி வந்து மணலைத் தள்ளிக்கொண்டு முகத்தைத் திறக்கும். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து மூடும். மூடினால் ஏற்றமும் இல்லை, வற்றமும் இல்லை, வெயிலில் தண்ணீர் வற்றி உப்புதான் ஏறும்.

திண்டுக்கல்லில் உழவருக்குப் பயிர்க்கடன் கொடுத்தால் அறுவடை முடிந்து கட்டச் சொல்கிறோம். அது வங்கிக்கே தெரிந்த நியாயம். மீன்பிடிப்பவரிடம் மட்டும் மாதம் பிறந்தால் கட்டு என்கிறோம். இந்த வேறுபாட்டை எங்களில் யாரும் யோசித்ததில்லை. என் மேலதிகாரியிடம் பேசினேன். அவர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். மூன்று முறை எழுதிய பிறகு, மழைக்காலத்துக்குப் பிந்தைய மாதங்களில் பெரிய தவணை, கோடையில் வட்டி மட்டும் என்று மாற்றிக்கொள்ள இசைந்தார். அந்தப் பத்துக் கணக்குகளில் ஒன்பது முழுதாக அடைந்தன. பத்தாமவர் நோயில் இறந்துபோனார், மீதியை அவர் தம்பி கட்டினார்.

அதற்குப் பிறகு என் மேசையில் காலண்டரோடு ஒரு பஞ்சாங்கமும் இருந்தது. கடலோர ஊருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு, அது வங்கியோ பள்ளிக்கூடமோ மருத்துவமனையோ, நான் முதலில் சொல்வது இதைத்தான்: போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாரையாவது அழைத்துக்கொண்டு தண்ணீரில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். எந்த மாதம் வருமானம், எந்த மாதம் கடன், எந்தக் காற்றில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பட்டியலையும் அந்தக் குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

பாடு என்று மேலே சொன்னேன். தமிழில் அந்தச் சொல்லுக்கு உழைப்பு, துன்பம், கிடைத்த மீன் என்று பல பொருள் உண்டு. பழவேற்காட்டில் அதற்கு இன்னொரு பொருளும் இருக்கிறது: மீன்பிடிக்கும் இடத்தையும் முறையையும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. முகத்துவாரத்துக்கு அருகே நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அவற்றை யார், எந்த நாளில் பயன்படுத்துவது என்பதைப் பாடு உரிமையுள்ள, பட்டினவர் என்ற மீனவச் சாதியாரின் குப்பங்கள் தங்களுக்குள் முறைவைத்தும் சீட்டுப் போட்டும் தீர்மானிக்கின்றன. திருமணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு முறை. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். பணக்காரர் நல்ல இடத்தை வளைத்துப் போட முடியாது. இந்த ஏற்பாட்டில் எங்கேயும் பத்திரம் கிடையாது, ஆனால் பத்திரத்தைவிட உறுதியாக நின்றது. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்க்க, அவருக்குப் பாடு உண்டா, முறை எப்போது வரும் என்று குப்பத்துப் பெரியவர்களிடம் கேட்டால் போதும். ஒருவர்கூட என்னிடம் பொய் சொன்னதில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பாடு ஏற்பாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நல்ல இடம் ஒருபோதும் கிடைக்காது. வேறு சாதி மீனவர்கள் ஓரங்களில்தான் வலை போடுவார்கள். இதனால் மோதல்கள் நடந்ததுண்டு. இருளர் பெண்களுக்கு வலையே கிடையாது. ஒரு மாசி மாதக் காலையில் படகுத்துறைக்குப் பக்கத்தில் அவர்களைக் கவனித்தேன். நான்கைந்து பெண்கள், மார்பளவு தண்ணீரில் முழந்தாளிட்டுத் தவழ்ந்து போனார்கள். பனையோலையால் பின்னிய பறியைப் பல்லில் கவ்வியிருந்தார்கள். இரு கைகளும் சேற்றைத் துழாவியபடி இருந்தன. இறால் அகப்பட்டதும் கை மேலே வரும், பறிக்குள் போகும், மறுபடி நீருக்குள் போகும். பேச முடியாது, வாயில் பறி இருக்கிறதே. இரண்டு மணி நேரம் கழித்துக் கரையேறியபோது விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, சிப்பி கிழித்த கீறல்களோடு இருந்தன. ஒருவருக்குக் கிடைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. எங்கள் வங்கிப் படிவத்தில் "தொழில் உபகரணம்" என்ற இடத்தில் அவர்களுக்கு எழுத எதுவுமே இருக்காது. நான் அங்கிருந்த ஏழு ஆண்டுகளில் செய்ததில் எனக்கு நிறைவு தருவது ஒன்றுதான்: அவர்களில் சிலர் சேர்ந்து அமைத்த சுயஉதவிக் குழுவுக்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்தேன்.

ஊர்க் கணக்கு பெண்களிடம்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது கணவர், பணத்தைக் கொண்டுவந்து கட்டுவது மனைவி. மீன் கூடையைச் சுமந்து பொன்னேரிவரை போய் விற்றுவிட்டு, மதியம் வங்கி மூடும் நேரத்துக்கு ஓடி வருவார்கள். சுருக்குப்பையிலிருந்து எடுக்கும் நோட்டுகள் ஈரமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். எங்கள் காசாளர் மின்விசிறியை நிறுத்திவிட்டு அவற்றை மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பி வைப்பார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே பாஸ்புக்குகளை அடுக்குவார். ஒரு முறை ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "தண்டல்காரர் வட்டி அதிகம்தான் தம்பி. ஆனால் பாடு இல்லாத நாளில் அவர் நாளைக்கு வருகிறேன் என்று போய்விடுவார். உங்கள் பேங்க் அப்படிப் போகுமா?" தண்டலை ஒழிக்க வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுவோருக்கு இந்தக் கேள்வியைத்தான் நான் திருப்பிச் சொல்வேன். அதிக வட்டி என்று தெரிந்தே அவர்கள் அங்கே போகிறார்கள் என்றால், நாம் கொடுக்கும் கடனில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை.

மதிய உணவு இடைவேளையில் நான் அடிக்கடி போய் உட்காரும் இடம் டச்சுக் கல்லறைத் தோட்டம். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாயிலின் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், குலச் சின்னங்களும் பூவேலைப்பாடும் டச்சு எழுத்துகளும் பொறித்த கனமான கற்கள். அருகிலேயே கோட்டை இருந்த மேடு, இப்போது முள்மரம் மண்டிய காடு. டச்சுக்காரர்கள் 1610இல் இங்கே காலூன்றினார்கள். போர்த்துகீசியர் தாக்கி அழித்த பிறகு, 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கடற்கரை முழுவதிலும் அவர்களுடைய வணிகத்துக்கு இதுதான் தலைமையிடம். 1825இல் ஊர் ஆங்கிலேயரிடம் போனது. போர்த்துகீசியர் டச்சுக்காரர்களுக்கும் முந்தியவர்கள், மகிமை மாதா ஆலயம் அவர்கள் காலத்தில் தோன்றியதுதான். அவர்களுக்கும் முன்பே விஜயநகர ஆட்சியில் இது துறைமுகம். செம்புறாங்கல்லில் கட்டிய ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் நீளச் சிற்பங்களாக ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழி வந்தவர்கள் என்று இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்வார்கள்.

கடன் அலுவலர் என்ற முறையில் என்னைக் கட்டிப்போட்டது டச்சுக்காரர்களின் வணிக முறைதான். அவர்கள் மசாலாத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்க வேண்டும். அங்குள்ளவர்கள் கேட்டது சோழமண்டலத்துத் துணியை. ஆகவே சுற்றுவட்டார நெசவாளர்களுக்கு உள்ளூர் வணிகர் வழியாக முன்பணம் கொடுத்து, துணியாகத் திரும்ப வாங்கினார்கள். முன்பணம் வாங்கியவர் வேறு யாருக்கும் நெய்ய முடியாது. இன்று இறால் வியாபாரி படகுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பிடித்ததெல்லாம் தனக்கே என்று விலையைத் தானே சொல்வதும் அதே ஏற்பாடுதான். நானூறு ஆண்டுகளில் சரக்கு மாறியிருக்கிறது, கட்டு மாறவில்லை. நம் வீடுகளில் கட்டம் போட்ட பழையகாட் கைலி என்று சொல்கிறோமே, அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. மலேசியாவில் இன்றும் அந்தக் கைலிக்குப் பெலிக்காட் என்றே பெயர். ஊரில் இப்போது ஒரு தறிகூட என் கண்ணில் பட்டதில்லை.

இந்தத் துறையிலிருந்து துணி மட்டும் ஏற்றப்படவில்லை. பஞ்ச காலங்களில் பசிக்கு விற்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். அந்த வணிகர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. போனவர்களுக்குக் கல் இல்லை. சுற்றிப் பார்க்க வருவோர் எலும்புக்கூட்டுச் சிற்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அங்கிருந்து படகுத்துறைவரை நடந்து போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அடிமைகளாகப் போனவர்களின் வழி அது.

ஊரின் அன்றாட வாழ்க்கை விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், பத்து மணிக்கு மேல் அடங்கிவிடும். ஐந்து மணிக்கெல்லாம் படகுகள் வந்து சேரும். ஏலம் ஓங்கிய குரலில் நடக்கும், ஆனால் வெளியாளுக்கு ஒரு சொல் விளங்காது. மடவை, கெளுத்தி, கிழங்கான், வெள்ளை இறால், களி நண்டு. பகலில் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்து பெண்கள் பனையோலையில் பெட்டி முடைவார்கள். சாயமேற்றிய ஓலை வாசலில் காயும். ராக்கெட் ஏவும் நாளில் குறிப்பிட்ட கடல் பகுதிக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். 1999 மே 26 அன்று பி.எஸ்.எல்.வி. மேலே போனதை வங்கி மாடியிலிருந்து பார்த்தோம். முதலில் ஒளி, வெகுநேரம் கழித்து அந்த உறுமல் வயிற்றுக்குள் இறங்கியது. பக்கத்தில் நின்ற மீனவர் கை கூப்பினார், பிறகு இன்று போன பாடு எப்போது திரும்ப வரும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

நண்டு வாங்கும் வித்தையை அந்த ஊரில்தான் கற்றேன். கையில் எடுத்தால் அதன் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். அடிப்பக்கத்தில் கால் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது அண்மையில் ஓடு மாற்றியது, உள்ளே தண்ணீர்தான் இருக்கும். வயிற்று மடல் அகன்றிருந்தால் பெண், குறுகி முக்கோணமாக இருந்தால் ஆண். கட்டியிருக்கும் கயிறு தடிமனாக நனைந்திருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறீர்கள், மெல்லிய கயிறு கட்டியதாகக் கேளுங்கள். முகம் மூடியிருக்கும் மாதங்களில் நண்டு மலிவாக வேண்டும் என்று பேரம் பேசாதீர்கள்.

இரண்டாம் முறையாக 2003இல் அங்கேயே மாற்றல் கேட்டுப் போனேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்தது. நாகப்பட்டினத்தோடு ஒப்பிட்டால் எங்கள் பக்கம் உயிரிழப்பு குறைவு. ஆனால் கடலோரக் குப்பங்களில் வலையும் படகும் போய்விட்டன. அடுத்த வாரம் முழுவதும் கடன் கணக்குகளைத் தள்ளிவைக்கும் வேலை. அப்போது ஒரு தவறு நேர்ந்தது, அதில் எனக்கும் பங்கு உண்டு. உதவிக்கு வந்தவர்கள் எல்லாரும் படகு கொடுக்க விரும்பினார்கள். ஏற்கெனவே படகு இருந்தவர், இல்லாதவர் என்று பாராமல் ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. நாங்களும் எஞ்சினுக்குக் கடன் கொடுத்தோம். கரையில் படகு கூடியது, கடலில் மீன் கூடவில்லை. இரண்டு ஆண்டுகளில் அந்த எஞ்சின் கடன்கள்தான் எனக்குத் தலைவலியாயின. கூடை சுமந்த பெண்களுக்கும், ஐஸ் உடைப்பவருக்கும், வலை பின்னுபவருக்கும், பறி கவ்விய பெண்களுக்கும் என்ன போயிற்று என்று யாரும் பட்டியல் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பேரிடருக்குப் பின் உதவிக்குப் போகிறவர்கள், கொடுப்பதற்கு முன், குப்பத்தில் படகு ஏறாமல் பிழைப்பவர்கள் யார் யார் என்று ஒரு நாள் செலவிட்டுக் கேளுங்கள்.

படகு பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏரி அமைதியாகத் தெரியும், ஆழமும் பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் முகத்துவாரத்தருகே இழுப்பு வேறு. சின்னப் படகில் கூட்டமாக ஏறுவதும், படத்துக்காக எல்லாரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பதும் ஆபத்து. பூநாரைகளைப் பார்க்க வேண்டுமானால் மழைக்காலம் முடிந்த மாதங்களில் வாருங்கள், கரையோரச் சாலையிலிருந்தே கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

போன ஆண்டு தை மாதம் போயிருந்தேன். தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் துறைமுகங்கள் வந்தபிறகு கரை அரிக்கும் விதமே மாறிவிட்டது என்று குப்பத்தில் எல்லாரும் சொன்னார்கள். முகம் மூடாமல் இருக்கக் கடலுக்குள் இருபுறமும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள். என்னைப் படகில் அழைத்துப்போன பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு எழுந்து வந்து, டீ வாங்கிக் கொடுத்தார். முகம் திறந்திருக்கிறதா என்று நானே கேட்டேன்.

"திறந்திருக்கிறது சார். தண்ணீர் நன்றாக ஓடுகிறது. கல் போட்டதில் எந்தப் பக்கம் மணல் ஏறும் என்று இன்னும் நான்கைந்து மழை பார்த்தால்தான் தெரியும்" என்றார். அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அவருக்கு முறை வந்திருந்ததால், கிழிந்திருந்த இடத்தில் கண்ணிகளைப் போட்டு முடிக்கும் வேலையைத் தொடர்ந்தார்.